சத்தம் போடுகிற வால்வு சாகாது!

கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. எஞ்சினில் புதுசாக ஒரு சத்தம் கேட்டதும் பதறிப்போய் மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் ஒரு வகை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு பில் வரும். இரண்டாம் வகைக்கும் வரும். கொஞ்சம் லேட்டாக, வட்டியுடன்.

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அப்படிப்பட்டவன் இந்த வாரம் வால்வு, டாப்பெட் என்று ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டி ஜோக்ஸுக்குப் போகப் பார்ப்பீர்கள். போகாதீர்கள். இதுவும் கணக்குதான் சார். ஒவ்வொரு ஜோடியையும் கூட்டினால் ஒன்பது வரவேண்டிய கணக்கு. டேலி ஆகாவிட்டால் ஆடிட்டர் வரமாட்டார். கட்டி இழுக்கிற வண்டி வரும்.

காஞ்சிபுரத்தை ஒட்டி முசரவாக்கம் என்று ஒரு கிராமம். என் பெரியப்பா வீடு அங்கேதான். ஐம்பது வருஷம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து பட்டு நெய்தவர். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கூரைப்புடவை நெய்து கொடுத்துவிட்டு, தனக்கென்று அவர் வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் ஓர் அம்பாஸடர் கார். 1988 மாடல், பெட்ரோல், அதுவும் செகண்ட் ஹாண்ட். இப்போது அதைப் பராமரிப்பவர் அவர் மகன், என் அண்ணன். வண்டியின் நிறம் வெள்ளை. ஆர்.சி. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அம்பாஸடரின் ஜாதகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பூர்வீகம் இங்கிலாந்து, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சம். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தயாரிக்க ஆரம்பித்து, 2014 மே மாதம் நிறுத்தியது. 2017-ல் ‘அம்பாஸடர்’ என்கிற பெயரை மட்டும் பிரான்சின் பேஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பெயருக்கு எண்பது கோடி! வண்டிக்கு எவ்வளவு என்று பழைய இரும்புக் கடைக்காரரைக் கேட்டால், எடைக்கல்லைத் தேடுகிறார்.

அண்ணன் வண்டியில் இருப்பது 1489 சி.சி. எஞ்சின். நாலு சிலிண்டர், எட்டு வால்வு. சிலிண்டருக்கு இரண்டு: பெட்ரோலும் காற்றும் உள்ளே போக ஒன்று (இன்லெட்), எரிந்த புகை வெளியே போக ஒன்று (எக்ஸாஸ்ட்). பானெட்டைத் திறந்தால் எஞ்சினும் தெரியும், தரையும் தெரியும். நடுவில் ஒரு ஸ்டவ் வைத்து சமைக்கலாம், அவ்வளவு இடம்.

போன வருஷம் அந்த எஞ்சினிலிருந்து ‘டக்... டக்... டக்...’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்போதே, அண்ணன் வருகிறார் என்று அண்ணி தோசைக்கல்லை அடுப்பில் போடுகிற அளவுக்கு சத்தம்.

டவுனில் ஒரு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனார். அங்கே ஒருவர் பானெட்டைக்கூட முழுசாகத் தூக்காமல் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ‘‘எஞ்சின் போச்சு சார். கீழே இறக்கி, போர் பண்ணி, எல்லாம் மாத்தணும். அறுபதாயிரம் ஆகும்’’ என்றார்.

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து, ‘‘இல்லேன்னா ஒண்ணு பண்ணலாம். ஆயிரம் ரூபா குடுங்க. டாப்பெட்டை டைட் பண்ணி, கெட்டி ஆயிலா ஊத்தி, சத்தத்தை மட்டும் நிறுத்தித் தர்றேன். கொஞ்ச நாள் ஓடும். அதுக்குள்ள யார் தலையிலயாவது கட்டிடுங்க’’ என்று இன்னொரு ஸ்கீமும் சொன்னாராம்.

அறுபதாயிரமா, ஆயிரமா? நீங்களும் நானும் என்ன செய்வோமோ, அதைத்தான் அண்ணனும் செய்வதாக இருந்தார். மறுநாள் ஆயிரம் ரூபாயோடு கிளம்பியவரைப் பெரியப்பா நிறுத்தினார்.

‘‘டேய், தறியில பாவு இழை தளர்ந்து போனா தொங்குறது கண்ணுக்குத் தெரியும். சரி பண்ணிடலாம். அதிகமா இறுகிப் போன இழை இருக்கே, அது தெரியாது. பாக்க அழகா, நேரா நிக்கும். அறுந்த அப்புறம்தான் தெரியும். சத்தத்தை அடக்குறேன்னு எவனாவது சொன்னா முதல்ல அது ஏன் சத்தம் போடுதுன்னு கேளு.’’

பெரியப்பா கார் ஓட்டியது கிடையாது. பின் சீட்டில் உட்கார்ந்து வந்ததோடு சரி. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் ஆட்டோமொபைல் எஞ்சினீயரிங்கில் டாப்பெட் பற்றிச் சொல்ல ரொம்ப இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

* * *

இரும்பு சூடானால் நீளும். ஸ்கூலில் படித்ததுதான். அதற்காகத்தான் அந்தக் காலத்து ரயில் தண்டவாளங்களில் இணைப்புக்கு இணைப்பு சின்ன சந்து விட்டிருந்தார்கள். எஞ்சினுக்குள் வால்வும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700, 800 டிகிரி வரை கொதிக்கும். வால்வின் தண்டு நீளும். அப்படி நீள இடம் வேண்டாமா? அதற்காக வால்வின் வாலுக்கும், அதை அமுக்குகிற ராக்கர் என்கிற சின்ன ஏற்றக்கட்டைக்கும் நடுவில் ஒரு சந்து விடுகிறார்கள். அதுதான் வால்வு கிளியரன்ஸ். மெக்கானிக் பாஷையில் ‘டாப்பெட் கேப்’.

அண்ணன் வண்டியின் எஞ்சினுக்கு அந்த சந்து 15 ‘தவ்’. ஒரு ‘தவ்’ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதினைந்து தவ் என்பது மில்லிமீட்டரில் 0.38. கனமான விசிட்டிங் கார்டு ஒன்று நுழையலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது அளக்க வேண்டிய அளவு இது. வேறு கார்களுக்கு வேறு அளவு, சிலவற்றில் இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று, சில எஞ்சின்களில் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவு பக்கத்து வீட்டுக் காருக்கு.

சந்து அதிகமானால்? ராக்கர் வந்து வால்வைத் தொடுவதற்குப் பதில் அறையும். ‘டக்’. வால்வு லேட்டாகத் திறந்து சீக்கிரம் மூடும். ஆபீஸில் பத்தரைக்கு வந்து நாலரைக்குக் கிளம்புகிறவர் மாதிரி. வேலை கொஞ்சம் குறையும், தேய்மானம் கூடும், சத்தம் பிரமாதமாக இருக்கும். ஆனால் உடனே உயிர் போகாது.

சந்து குறைந்து போனால்? சத்தமே இருக்காது. எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடும். உள்ளே மட்டும், சூட்டில் நீண்ட வால்வுக்கு இடமில்லாமல், அது முழுசாக மூடாது. இங்கேதான் விஷயம். கொதிக்கிற வால்வு தன் சூட்டில் பெரும் பங்கை இறக்கி வைப்பது, மூடியிருக்கிற நேரத்தில், தான் உட்காருகிற சீட்டின் வழியாகத்தான். உட்காரவே முடியாவிட்டால் சூடு எங்கே போகும்? போதாக்குறைக்கு, மூடாத இடுக்கு வழியாக நெருப்பு பீறிட்டுக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் வால்வின் விளிம்பு எரிந்து, எலி கடித்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஆக, சத்தம் போடுகிற வால்வு உங்களை எச்சரிக்கிறது. சத்தமே போடாத வால்வுதான் ஒருநாள் ஆளைக் கவிழ்க்கிறது. நம் ஆபீஸிலேயே பாருங்களேன். தினமும் சம்பளம் போதவில்லை என்று புலம்புகிறவர் ரிட்டயர்மெண்ட் வரை இருப்பார். வாயே திறக்காமல் வேலை பார்த்தவர்தான் மார்ச் முப்பதாம் தேதி ராஜினாமா கடிதம் கொடுப்பார்.

* * *

பெரியப்பா சொல்லி அனுப்பி ஒரு பாய் வந்தார். தொழிலை விட்டு வீட்டோடு இருக்கிற பழைய மெக்கானிக். அவர் பானெட்டைத் திறந்ததும் ஸ்பானரை எடுக்கவில்லை. டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பார்த்தார். ‘‘ஆயில் குறைஞ்சா மேல ராக்கருக்கு ஏறாது தம்பி. பாதி டாப்பெட் சத்தம் ஆயில் ஊத்தினாலே போயிடும்’’ என்றார். அண்ணன் வண்டியில் ஆயில் இருந்தது.

ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரியே. கீழே, நடுவில், மேலே என்று வைத்துப் பார்த்து, ‘‘மேலதான். கீழ ஒண்ணுமில்ல’’ என்று தீர்ப்புச் சொன்னார்.

‘‘எப்படி பாய் சொல்றீங்க?’’

அவர் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: தாளம். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு தடவை திறக்கும். நின்ற இடத்தில் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடினால், லூசான ஒரு வால்வு 400 தடவைதான் தட்டும். விநாடிக்கு ஆறேழு. அதனால் டாப்பெட் சத்தம், எஞ்சின் வேகத்துக்குப் பாதி வேகத்தில், தனியாக எண்ணிவிடலாம் போலக் கேட்கும்.

இரண்டு: குரல். டாப்பெட் சத்தம் மெலிசாக, ‘டிக் டிக்’ என்று உலோகத்தனமாக இருக்கும். அடியில் பேரிங் போயிருந்தால் ‘தொம் தொம்’ என்று கனத்த குரல், அதுவும் மேட்டில் ஏறும்போது அதிகமாகும். டாப்பெட்டுக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான்.

மூன்று: பிளக் சோதனை. ஓடும்போது ஒரு சிலிண்டரின் ஸ்பார்க்கை நிறுத்தினால், அடி பேரிங், பிஸ்டன் சத்தமாக இருந்தால் குறையும் அல்லது மாறும். டாப்பெட் சத்தம் அப்படியே இருக்கும். (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். ஷாக் அடிக்கும். புது வண்டிகளில் எலெக்ட்ரானிக்ஸ் போகும்.)

நான்கு: ஆள் மாறாட்டம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட் லேசாகப் பிய்ந்திருந்தாலும் டாப்பெட் மாதிரியே ‘டிக் டிக்’ வரும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை அந்தப் பக்கம் கொண்டு போனால் ‘புஸ் புஸ்’ என்று காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் பாய் ஒரு வேடிக்கை செய்தார். அண்ணனிடம் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வாங்கி, வண்டிக்குப் பின்னால் போய், சைலன்ஸர் வாயருகே தொங்கவிட்டார். நோட்டு ஒரே சீராக வெளிப்பக்கம் படபடத்தது. ‘‘வால்வு எரிஞ்சிருந்தா நடுநடுவுல நோட்டை உள்ள இழுக்கும். இழுக்கல. அல்லா காப்பாத்தினான்’’ என்றபடி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். (நான் பார்த்த மெக்கானிக்குகளில் வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.)

ராக்கர் கவரைக் கழற்றினார். உள்ளே எட்டு ராக்கர் வரிசையாக. இப்போதுதான் நான் சொன்ன ஒன்பது கணக்கு வருகிறது.

ஒரு வால்வின் சந்தை அளக்க வேண்டுமென்றால் அது முழுசாக மூடியிருக்க வேண்டும். மூடியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? முன்னாலிருந்து எட்டு வரை நம்பர் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் எட்டாவது வால்வு முழுசாக அமுங்கித் திறந்திருக்கும்போது முதல் வால்வை அளக்கலாம். ஏழு திறந்திருந்தால் இரண்டு. ஆறு என்றால் மூன்று. ஐந்து என்றால் நாலு. திருப்பிப் போட்டாலும் அதேதான். திறந்திருப்பதையும் அளப்பதையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. கேம் ஷாஃப்ட்டை அப்படி ஜோடி ஜோடியாக எதிரெதிரே செதுக்கியிருக்கிறார்கள். நான் படித்த டபுள் என்ட்ரி புக் கீப்பிங்கேதான்! (மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு ஆறே வால்வு.)

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, பிளக் நாலையும் கழற்றிவிட்டார். டாப் கியரில் போட்டு அண்ணனும் நானும் வண்டியைத் துளித்துளியாகத் தள்ள, ஒவ்வொரு வால்வாக வந்தது. பாய் ஃபீலர் கேஜின் 15 தவ் தகட்டை விட்டு விட்டுப் பார்த்தார். தகடு வழவழவென்று ஓடினால் லூஸ். நுழையாவிட்டால் டைட். எண்ணெய் தடவின பட்டுத் துணியை இரண்டு விரலில் பிடித்து இழுப்பது மாதிரி லேசாகப் பிடித்து விட்டால் சரி.

மூன்றாவதும் ஆறாவதும் 25 தவ் இருந்தன. ஊரைக் கூட்டிய சத்தத்துக்கு அந்த இரண்டுதான் காரணம். மற்றவை பரவாயில்லை. நாலாவதில் தகடு நுழையவில்லை. 10 தவ் தகட்டை வைத்தார். இல்லை. ஐந்து. இல்லை. நாலே தவ் தகடு முக்கி முனகி நுழைந்தது.

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘‘தம்பி, இது ரெண்டாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட். சத்தம் போட்டுச்சா இது? போடல. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா எரிஞ்சிருக்கும்.’’

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, எல்லா டாப்பெட்டையும் இறுக்கி, கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் ஒன்றுக்கு எட்டாக எரிந்திருக்கும். அமைதியாக.

நாலாவது ஏன் தானாக இறுகியது? அதற்கும் பதில் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழக்கம் 1920-களில் அமெரிக்காவில் ஆரம்பித்தது. எஞ்சின் இடிக்காமல் ஓட அது உதவியது. கூடவே எக்ஸாஸ்ட் வால்வு உட்காருகிற இடத்தில் மெல்லிசாகப் படிந்து மெத்தை மாதிரியும் இருந்தது. ஆனால் மனுஷனுக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் மூளைக்கு, ஈயம் விஷம். அதனால் 1995-ல் மெட்ராஸ் உட்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க அதுதான். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் மெத்தையை நம்பிப் பிறந்த பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில், வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சீட்டைத் தின்றுகொண்டே மேலே ஏறுகிறது. ஏற ஏற சந்து குறைகிறது. சத்தமும் குறைகிறது. வண்டிக்காரர், ‘‘இப்பல்லாம் எஞ்சின் என்ன ஸ்மூத்தா ஓடுது பாருங்க’’ என்று சந்தோஷப்படுகிறார்.

பாய் லாக் நட்டை ஸ்பானரால் தளர்த்தி, நடுவிலிருக்கிற திருகைத் திருப்புளியால் திருப்பி, தகடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, நட்டை முடுக்கினார். முடுக்கின பிறகு மறுபடியும் அளந்தார். நட்டை முடுக்கும்போது திருகும் கூடவே ஒரு நூல் சுற்றிவிடுமாம். ‘‘இங்கதான் பசங்க கோட்டை விடுவாங்க.’’ ஆறாவது ராக்கரின் மூக்கில் தேய்ந்து குழி விழுந்திருந்தது. தகடு அந்தக் குழியின் மேல் பாலம் மாதிரி நின்று பொய்க் கணக்குக் காட்டும், அட்ஜஸ்ட் செய்தும் சத்தம் போகாது என்று அந்த ராக்கரை மட்டும் மாற்றச் சொன்னார்.

எல்லாம் மூடி ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் தையல் மெஷின் மாதிரி லேசாக ‘டிக்டிக்’ என்றது.

‘‘பாய், இன்னும் லேசா சத்தம் வருதே?’’ என்றார் அண்ணன்.

‘‘வரணும். அது நாடித் துடிப்பு. நின்னாத்தான் பயப்படணும்.’’

கூலி ஐந்நூறு. கார்க் கேஸ்கட்டுக்கும் ராக்கருக்கும் தனி. எஞ்சின் இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது, வண்டிக்குள்ளேயே.

* * *

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் காட்டினால், ‘நாளைக் காலையில் வருகிறேன்’ என்று சொல்லுங்கள். ஆறின எஞ்சினை உங்கள் எதிரில் ஸ்டார்ட் செய்யட்டும். முப்பது வயசு எஞ்சின் மூச்சுக்கூட விடாமல் ஓடினால் சந்தோஷப்படாதீர்கள். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் வெல்லப்பாகு மாதிரி இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு பஸ் பிடியுங்கள். சைலன்ஸரில் பத்து ரூபாய் நோட்டு சோதனையும் செய்யலாம். ஐந்நூறு ரூபாய் நோட்டு வேண்டாம், காற்றில் பறந்தால் வயிறு எரியும்.

ஏற்கெனவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள், திருகு டாப்பெட் என்றால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர் அத்தி வரதர் 1979-க்கு அப்புறம் 2019-ல்தான் குளத்திலிருந்து எழுந்தருளினார். ராக்கர் கவருக்கு அந்தக் கணக்கு ஆகாது. புதிய கார்கள் பலவற்றில் ஆயில் அழுத்தத்தாலேயே சந்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இருக்கிறது. அவர்கள் நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும்.

நீங்களே செய்து பார்க்கிற ஆசை வந்தால்: மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். ஃபேன் பக்கம் டையோ, துண்டோ, வேட்டி நுனியோ தொங்கக் கூடாது. முக்கியமாக, முதல் தடவை சொந்த வண்டியில் செய்து பழகுங்கள். மாமனார் வண்டியில் வேண்டாம். அங்கே சத்தம் வர ஆரம்பித்தால் அட்ஜஸ்ட் செய்ய எந்த பாயாலும் முடியாது!